பட்டி எம்மன்ஸின் இசைப்பணியில் பெடல் ஸ்டீல் கிட்டாரும் பேஸ் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கக் கண்ட்ரி இசையின் முதன்மையான பெடல் ஸ்டீல் கிட்டார் கலைஞர்களுள் ஒருவர் பட்டி எம்மன்ஸ் (1937–2015). பெடல்களின் பணியைப் பிரித்தமை, இரு புதிய தந்திகளைச் சேர்த்தமை ஆகிய மாற்றங்கள் வழி அக்கருவியின் இன்றைய அமைப்பை உருவாக்கியவர்களுள் அவர் முக்கியமானவர். புகழின் உச்சியில் இருந்தபோது, 1967 முதல் சில ஆண்டுகள் பாடகர் ராஜர் மில்லரின் குழுவில் அவர் பேஸ் வாசித்தார். இப்பகுதி அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஓர் இடைவெளி போலவே தோற்றமளிக்கிறது. அவருடைய கருவிமாற்றங்களின் இசைப்பொருள் பேஸின் ஒலியோடு சேர்ந்தே முழுமை பெறுகிறது என்பதையும், எனவே இவ்விரு பணிகளையும் இணைத்துக் காண வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. விளக்கத்திற்குத் தமிழிசையின் ஏழு சுரப்பெயர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெடல் ஸ்டீல் கிட்டார், பேஸ், பட்டி எம்மன்ஸ், கண்ட்ரி இசை, சுரக்கூட்டு, கருவியியல், துணைக்கருவியாளர்.

முன்னுரை

மேலைநாட்டு மக்களிசை வரலாறு பெரும்பாலும் பாடகர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பாடகருக்குப் பின்னால் நின்று வாசிப்பவரின் பெயர் இசைத்தட்டின் உறையில்கூட இடம்பெறாத காலம் நெடிது. ஒரு கருவியின் வடிவத்தையே மாற்றிய கலைஞர்கள் மட்டும் இதற்கு ஓரளவு விலக்காக அமைந்தனர். பட்டி எம்மன்ஸ் அத்தகையவர். பெடல் ஸ்டீல் கிட்டார் பயில்வோர் அவர் பெயரை அறியாமல் அக்கருவியைப் பயில இயலாது. கருவியின் பெடல் வரிசையே ‘எம்மன்ஸ் அமைப்பு’ என்று வழங்கப்படுகிறது.

எனினும் அவரைப் பற்றிய பேச்சில் ஸ்டீல் கிட்டாரே முழுதும் நிறைந்திருக்கிறது. அவர் பேஸ் வாசித்த ஆண்டுகள் ஒரு தொடரில் சொல்லிக் கடக்கப்படுகின்றன. ஒரு கருவியில் உச்சம் தொட்ட கலைஞர் மற்றொரு கருவியைப் பிழைப்புக்காக வாசித்தார் என்ற அளவில் அதனை நிறுத்திவிடலாமா என்னும் வினா இங்கு எழுகிறது. இவ்வினாவிற்கு விடை காண, ஸ்டீல் கிட்டார் இயங்கும் முறையையும், அதில் எம்மன்ஸ் செய்த மாற்றங்களையும், அம்மாற்றங்களுக்கும் பேஸுக்கும் உள்ள உறவையும் முறையே காண வேண்டியுள்ளது.

ஸ்டீல் கிட்டாரின் தோற்றமும் அதன் இடர்ப்பாடும்

ஸ்டீல் கிட்டாரின் தாயகம் ஹவாய்த் தீவுகள். கிட்டாரை மடியில் கிடத்தி, தந்திகளின் மீது உருக்குத் துண்டு ஒன்றை வழுக்கி வாசிக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவராக ஜோசப் கெகுகு போற்றப்படுகிறார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா–பசிபிக் கண்காட்சி ஹவாய் இசையை அமெரிக்கப் பெருநிலத்தில் பரவலாக்கியது. 1930களில் மின்னாற்றலால் இயங்கும் ஸ்டீல் கிட்டார்கள் வந்தன. டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளின் வெஸ்டர்ன் ஸ்விங் நடனக் குழுக்களில் அக்கருவி நிலைபெற்றது. ‘ஸ்டீல்’ என்னும் பெயர் தந்தியையோ கிட்டாரின் உடலையோ குறிப்பதன்று. இடக்கையிலுள்ள உருக்குத் துண்டையே குறிக்கிறது.

தமிழ் வாசகர்க்கு இம்முறை அயலானதன்று. கோட்டுவாத்தியத்திலும் மெட்டுகள் இல்லை. உருளை வடிவக் கட்டையைத் தந்தியின் மீது வழுக்கியே சுரங்கள் எழுப்பப்படுகின்றன. ஆனால் இரு கருவிகளும் எதிர்கொள்ளும் இசைத்தேவை வேறு. கோட்டுவாத்தியத்தில் ஒற்றை இசைவரியே முதன்மை. அதன் வழுக்கு கமகத்திற்குத் துணைநிற்கிறது. மேலையிசையிலோ ஒரே வேளையில் ஒலிக்கும் பல சுரங்களின் கூட்டு, அதாவது சுரக்கூட்டு, அடிப்படையானது. பாட்டு நகர நகரச் சுரக்கூட்டும் மாற வேண்டும். நேரான உருக்குத் துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில்தான் தொடும். எனவே ஒரு சுரக்கூட்டு மேலே சென்றாலும் கீழே வந்தாலும் அதன் உள்ளமைப்பு மாறாது. எல்லாச் சுரங்களும் ஒன்றாகவே நகரும்.

வெவ்வேறு சுருதியமைப்புக் கொண்ட பல கழுத்துகளை ஒரே கருவியில் பொருத்துவது இந்த இடர்ப்பாட்டிற்கு முதலில் காணப்பட்ட தீர்வு. வாசிப்பவர் ஒரு கழுத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவார். தந்தியின் இழுவிசையைக் காலால் மாற்றும் பெடல்கள் அடுத்த தீர்வாக அமைந்தன. தொடக்கத்தில் இப்பெடல்கள் ஒரு சுருதியமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறவே பெரிதும் பயன்பட்டன. வெப் பியர்ஸ் பாடி 1954இல் பெருவெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ என்னும் பாடலில் பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை அழுத்தினார். சில சுரங்கள் அசையாது நிற்க, சில சுரங்கள் மட்டும் நெகிழ்ந்து ஏறும் ஒலி அப்பாடலால் பரவலாக அறிமுகமாயிற்று.

எம்மன்ஸின் இளமையும் நாஷ்வில் வரவும்

இந்தியானா மாநிலத்தின் மிஷவாகா நகரில் 1937 ஜனவரி 27 அன்று எம்மன்ஸ் பிறந்தார். 11ஆம் வயதில் ஆறு தந்திகள் கொண்ட மடி ஸ்டீல் கிட்டாரில் பயிற்சி தொடங்கினார். அண்மை நகரான சவுத் பெண்டில் ஹவாய் இசைப்பள்ளி ஒன்றில் பாடம் பயின்றார். பதின்ம வயதிலேயே பள்ளிக் கல்வியை விட்டுக் கேளிக்கை விடுதிகளில் வாசிக்கலானார். 1955இல் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸின் குழுவில் இடம்பெற்று நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு 18 வயது. அதன் பின்னர் எர்னஸ்ட் டப்பின் குழுவிலும், 1962 முதல் ரே பிரைஸின் ‘செரோக்கி கவ்பாய்ஸ்’ குழுவிலும் பணியாற்றினார்.

வாசிப்போடு கருவி உருவாக்கத்திலும் அவர் ஈடுபட்டார். ஷாட் ஜாக்சனுடன் இணைந்து 1950களில் தொடங்கிய ‘ஷோ-பட்’ நிறுவனம் இருவர் பெயர்களின் பகுதிகளையும் கொண்டது. 1963இல் அதிலிருந்து விலகித் தம் பெயரிலேயே ‘எம்மன்ஸ்’ கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘புஷ்-புல்’ என்று அறியப்படும் அதன் பொறியமைப்பைக் கொண்ட பழைய கருவிகளை இன்றும் கலைஞர்கள் தேடி வாங்குகின்றனர்.

பெடலைப் பிரித்தல்: நான்கு நிலைகள்

எம்மன்ஸின் முதற்பெரும் மாற்றம் 1950களின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. அதனைத் தமிழிசைச் சுரப்பெயர்களால் எளிதில் விளக்கலாம். கண்ட்ரி இசைக்குரிய ஈ-9 சுருதியமைப்பில், வெற்றுத் தந்திகளின் முதன்மைச் சுரக்கூட்டு குரல், கைக்கிளை, இளி என்னும் மூன்று சுரங்களால் ஆனது எனக் கொள்வோம். ஐசக்ஸின் பெடல் ஒரே அழுத்தில் இரு மாற்றங்களைச் செய்தது: இளி விளரியாக ஏறியது, கைக்கிளை உழையாக ஏறியது, குரல் அசையாது நின்றது. ஆகவே குரல்–கைக்கிளை–இளி என்னும் கூட்டு, குரல்–உழை–விளரி என்னும் கூட்டாக மாறியது. உழையை அடியாகக் கொண்ட கூட்டே இது. பெடல் அழுத்தப்படாத நிலை, அழுத்தப்பட்ட நிலை என இரண்டே நிலைகள் இதில் உண்டு.

எம்மன்ஸ் இவ்விரு மாற்றங்களையும் இரு தனித்தனிப் பெடல்களுக்குப் பிரித்தளித்தார். முதல் பெடல் இளியை விளரியாக்கும். அடுத்த பெடல் கைக்கிளையை உழையாக்கும். இரு பெடல்களும் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே பாதத்தால் இரண்டையும் சேர்த்தும் அழுத்தலாம். பாதத்தைச் சற்றுச் சாய்த்து ஒன்றை மட்டும் விடுவிக்கவும் செய்யலாம். இதனால் நிலைகள் நான்காயின:

1. பெடல் அழுத்தா நிலை: குரல்–கைக்கிளை–இளி.
2. முதல் பெடல் மட்டும்: குரல்–கைக்கிளை–விளரி.
3. இரண்டாம் பெடல் மட்டும்: குரல்–உழை–இளி.
4. இரு பெடல்களும்: குரல்–உழை–விளரி.

இவற்றுள் முதலும் நான்காவதும் பழையன. இடைப்பட்ட இரண்டும் புதியன. எண்ணிக்கை கூடியதோடு இம்மாற்றம் நிற்கவில்லை. முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குச் செல்லும் வழியில் இரு சுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நகர இயன்றது. சுரக்கூட்டு ஒரே பாளமாகப் புரளாமல், உள்ளிருக்கும் ஒவ்வொரு குரலும் தன் போக்கில் நடக்கலாயிற்று. பாடகர் குழுவில் ஒருவர் நிலைத்து நிற்க மற்றவர் நகர்வது போன்ற இயக்கம் இது. இப்பிரிப்பு பின்னர் அக்கருவியின் பொது இலக்கணமாகியது. பெடல்களின் வரிசையை எதிர்த்திசையில் வைத்த ஜிம்மி டேயின் அமைப்பும் இதே பிரிப்பையே பின்பற்றியது.

இரு தந்திகளின் வருகை

இரண்டாம் மாற்றம் ரே பிரைஸின் குழுவில் எம்மன்ஸ் வாசித்த காலத்தைச் சேர்ந்தது. மேற்கூறிய பெடல்களைக் கொண்டு, உருக்குத் துண்டை நகர்த்தாமலே, கருவியின் மேற்பகுதியில் இளி, விளரி, குரல், கைக்கிளை, உழை ஆகிய ஐந்து சுரங்களைப் பெறலாம். ஏழில் இரண்டு குறைகின்றன: தாரமும் துத்தமும். இவை குரலின் இருபுறத்தும் அமையும் சுரங்கள். எம்மன்ஸ் இவ்விரண்டிற்கும் உரிய இரு தந்திகளைச் சேர்த்தார். இளி முதல் உழை வரையிலான ஏழு சுரங்களும் ஒரே இடத்தில் கிடைத்தன.

இத்தந்திகள் வைக்கப்பட்ட இடமும் கருதத்தக்கது. சுருதி வரிசைப்படி அவை நடுவில் செருகப்படவில்லை. வாசிப்பவர்க்கு அப்பால், கருவியின் விளிம்பில், முதலாம் இரண்டாம் தந்திகளாக வைக்கப்பட்டன. எனவே இன்றைய ஈ-9 கழுத்தில் மிக உயர்ந்த ஒலி முதல் தந்தியில் இல்லை. மூன்றாம் தந்தியில் உள்ளது. பழகிய தந்திகளின் இடைவெளியைக் குலைக்காமல் புதியவற்றைப் பெறும் இந்த ஏற்பாடு, வலக்கையின் பழக்கத்தை நன்கறிந்த வாசிப்பாளரின் தீர்வாகும். இதன்வழி, சுரக்கூட்டுகளை அடுக்கும் கருவியாகப் பெரிதும் இருந்த பெடல் ஸ்டீல், இசைவரியைத் தொடர்ச்சியாக வாசிக்கவும் ஏற்றதாயிற்று.

அடிச்சுரமும் சுரக்கூட்டின் பொருளும்

மேற்கண்ட நான்கு நிலைகளுள் இரண்டாவதைச் சற்று நுணுகி நோக்கினால் பேஸின் இடம் விளங்கும். குரல்–கைக்கிளை–விளரி என்னும் மூன்று சுரங்களை ஸ்டீல் கிட்டார் ஒலிக்கிறது எனக் கொள்வோம். அதே வேளையில் பேஸ் எச்சுரத்தை ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தே அக்கூட்டின் பொருள் அமைகிறது.

பேஸ் குரலை ஒலித்தால், அது குரலை அடியாகக் கொண்ட கூட்டில் விளரி சேர்ந்த இனிய நிறைவு. பேஸ் விளரியை ஒலித்தால், அதே மூன்று சுரங்கள் துயரச்சாயல் கொண்ட சிறுநிலைக் கூட்டாகின்றன. பேஸ் உழையை ஒலித்தால், அவை உழையின் மேல் எழும்பிய நான்கு சுரக் கூட்டாகி, ஜாஸ் இசைக்குரிய மென்மையைப் பெறுகின்றன. ஸ்டீல் கலைஞரின் கையும் காலும் அசையவில்லை. கீழே ஒரு சுரம் மாறியதால் மேலே உள்ள அனைத்தின் பொருளும் மாறிவிட்டது.

தமிழிசை மரபில் பண்ணுப்பெயர்த்தல் என்னும் கருத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் புலப்படும். சுரங்கள் அவையே இருக்கக் குரலாகக் கொள்ளும் சுரம் மாறினால் வேறு பண் பிறக்கிறது. மேலையிசையின் அடிச்சுரமும் ஆதாரசுருதியும் ஒன்றல்ல. ஆதாரசுருதி நிலைத்து நிற்பது, பேஸின் அடிச்சுரம் அடிக்கடி மாறுவது. ஆயினும், ஒரு சுரத்தின் பொருள் அதன் கீழே நிற்கும் சுரத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்னும் நெறி இரண்டிற்கும் பொது.

ஐசக்ஸின் ஒற்றைப் பெடல் தந்த இரு நிலைகளும் பெரும்பாலும் தாமே தெளிவானவை. எம்மன்ஸின் பிரிப்பு தந்த இடைநிலைகளோ பல பொருளுக்கு இடந்தருபவை. பேஸ் இல்லாமல் அவற்றின் பொருள் முடிவுபெறுவதில்லை. கருவியின் எல்லையும் இதனை உறுதிப்படுத்துகிறது: இன்றைய ஈ-9 கழுத்தின் மிகத் தாழ்ந்த தந்தி, சாதாரணக் கிட்டாரின் அடித்தந்தியைவிட உயர்ந்த சுருதியில் உள்ளது. அடித்தளத்தை அக்கழுத்து முற்றிலும் பேஸுக்கே விட்டுவிடுகிறது. இரட்டைக் கழுத்துக் கருவியின் மற்றொரு கழுத்தான சி-6 இதற்கு மாறானது. அதன் பத்தாம் தந்தி கிட்டாரின் அடித்தந்தியினும் தாழ்ந்து, பேஸ் கிட்டாரின் எல்லைக்குள்ளேயே இறங்குகிறது. எனவே இரட்டைக் கழுத்துக் கருவியை வாசிப்பவர், எங்கே அடிச்சுரத்தைத் தாமே ஒலிப்பது, எங்கே பேஸுக்கு வழிவிடுவது என்பதை இடையறாது முடிவு செய்ய வேண்டியவராகிறார்.

பேஸ் மிகுந்த சூழல்

எம்மன்ஸ் வாசித்த குழுக்களும் இவ்வுறவை வலுப்படுத்துகின்றன. ரே பிரைஸின் இசைக்குத் தனி அடையாளம் தந்தது 1956இல் வெளியான ‘கிரேசி ஆர்ம்ஸ்’ பாடலில் வெளிப்பட்ட தாளநடை. அதுவரை கண்ட்ரி இசையில் பேஸ் பெரும்பாலும் ஓர் ஆவர்த்தனத்திற்கு இருமுறை அடிச்சுரத்தையும் இளியையும் மாறிமாறித் தொட்டது. பிரைஸின் பாடல்களிலோ நான்கு எண்ணிக்கையிலும் ஒவ்வொரு சுரமாக நடந்து சென்றது. 1962இல் எம்மன்ஸ் இத்தகைய குழுவில்தான் அமர்ந்தார். அக்குழுவில் பேஸ் வாசித்தவர்களுள் ஒருவர், பின்னாளில் பாடகராகப் பெரும்புகழ் பெற்ற வில்லி நெல்சன். சுற்றுப்பயணக் குழுக்களில் ஒருவர் பல கருவிகளைக் கையாள்வதும், காலியான இடத்தை நிரப்புவதும் அக்காலத்து நடைமுறை. பேஸ் வாசிப்பது இழிவாகக் கருதப்படவில்லை.

1963இல் நியூயார்க்கில் பதிவான ‘ஸ்டீல் கிட்டார் ஜாஸ்’ என்னும் இசைத்தட்டு இவ்வகையில் முக்கியமானது. அதில் எம்மன்ஸுடன் வாசித்தவர்கள் ஜாஸ் கலைஞர்கள்: சாக்சபோனில் ஜெரோம் ரிச்சர்ட்சன், பியானோவில் பாபி ஸ்காட், டிரம்ஸில் சார்லி பெர்சிப், பேஸில் ஆர்ட் டேவிஸ். ஆர்ட் டேவிஸ், ஜான் கோல்ட்ரேனின் பதிவுகளில் வாசித்தவர். பேஸ் அடிச்சுரங்களை உறுதியாக நடத்திச் செல்வதால் மேலே வாசிப்பவர் அவற்றை விட்டுவிட்டு நிறச்சுரங்களை மட்டும் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஜாஸின் நெறி. கண்ட்ரி இசைக்கருவி ஒன்று இச்சூழலில் ஒரு சாக்சபோனுக்கு இணையாக நின்று உரையாட முடியும் என்பதை அவ்விசைத்தட்டு காட்டியது.

ராஜர் மில்லரின் குழுவில்

1967இல் எம்மன்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து ராஜர் மில்லரின் குழுவில் பேஸ் கலைஞரானார். நகைச்சுவையும் சொல்விளையாட்டும் நிறைந்த பாடல்களால் புகழ்பெற்றவர் மில்லர். 1965இல் வெளியான அவருடைய ‘கிங் ஆஃப் தி ரோட்’ பேஸின் ஒலியாலும் விரற்சொடுக்காலும் தொடங்குவது. அப்பதிவில் பேஸ் வாசித்தவர் எம்மன்ஸ் அல்லர். ஆயினும் அவர் ஏற்ற பணியின் இயல்பை அப்பாடல் உணர்த்துகிறது. கருவிகள் குறைந்த அத்தகைய இசையில் பேஸ் மறைந்து நிற்பதில்லை. பாடகருக்கும் தாளத்திற்கும் இடையே உள்ள ஒரே தாங்குதூணாக அது வெளிப்பட்டு நிற்கிறது. மிகையான ஒரு சுரமும் பாட்டின் நகைச்சுவையைக் கெடுக்கும். விரைவான வாசிப்பால் பெயர்பெற்ற ஒருவர் இங்கே சிக்கனத்தால் பணியாற்ற வேண்டியிருந்தது.

இக்காலத்தில் அவர் ஸ்டீல் கிட்டாரைக் கைவிடவும் இல்லை. பயணங்களுக்கு இடையே ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தார். ஜூடி காலின்ஸ் 1968இல் பாடிய ‘சம்டே சூன்’ பாடலில் ஒலிப்பது எம்மன்ஸின் பெடல் ஸ்டீல். கண்ட்ரி இசைக்குப் புறத்தேயிருந்த நாட்டுப்பாடல், ராக் கேட்போர்க்கு அக்கருவியை அறிமுகப்படுத்திய பதிவுகளுள் அதுவும் ஒன்று. மேடையில் பேஸ், கூடத்தில் ஸ்டீல் என இரு பணிகளும் இணையாக நடந்தன. 1970களின் நடுப்பகுதியில் அவர் நாஷ்விலுக்குத் திரும்பினார். 1981இல் ஸ்டீல் கிட்டார் புகழவையில் இடம்பெற்றார். 1990களில் எவர்லி சகோதரர்களின் சுற்றுப்பயணங்களில் ஸ்டீல் வாசித்தார். 2015 ஜூலை 21 அன்று மறைந்தார்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். பெடல் பிரிப்பு நிகழ்ந்தது 1950களில். மில்லரின் குழுவில் பேஸ் வாசித்தது அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னர். எனவே பேஸ் அனுபவமே கண்டுபிடிப்புக்குக் காரணம் எனக் கூற இயலாது. அவ்வாறு கூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. பேஸைச் சார்ந்தே பொருள்பெறும் ஒரு மொழியைக் கருவியில் உருவாக்கியவர், பின்னர் அச்சார்பின் மறுமுனையில் தாமே அமர்ந்தார் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. மேலே நின்று அடிச்சுரத்தை எதிர்பார்த்தவர், கீழே நின்று அதனை வழங்கினார். இரு முனைகளையும் அறிந்த ஒருவருக்கு இப்பணிமாற்றம் இறக்கமாகாது. ஒரே இசைச்சிந்தனையின் இடமாற்றம் எனக் கொள்வதே பொருத்தம்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பெறப்படுவன:

பெடலைப் பிரித்தமை, பெடல் ஸ்டீலின் இரு நிலைகளை நான்காக்கியது. அதனினும் மேலாக, சுரக்கூட்டின் உள்ளிருக்கும் சுரங்களுக்குத் தனிநடை தந்தது. தாரம், துத்தம் ஆகியவற்றுக்குரிய தந்திகள் அக்கருவியில் ஏழு சுரங்களையும் ஒரே இடத்தில் நிறைவாக்கின. இவ்வாறு உருவான இடைநிலைக் கூட்டுகள் பேஸின் அடிச்சுரத்தாலேயே பொருள் பெறுகின்றன. எனவே எம்மன்ஸின் பேஸ் வாசிப்பு அவருடைய ஸ்டீல் வரலாற்றில் நேர்ந்த இடைவெளியன்று.

துணைக்கருவியாளரின் வரலாற்றை எழுதுவோர்க்கு இதில் ஒரு நெறி உண்டு. பாடகரின் வரலாற்றைப் பாடல்களின் பட்டியலால் ஓரளவு எழுதிவிடலாம். கருவியாளரின் வரலாற்றை அவ்வாறு எழுத இயலாது. அவர் எச்சுரத்தை ஒலித்தார், எதனைப் பிறர்க்கு விட்டுவைத்தார் என்பதும் அவருடைய படைப்பின் பகுதியே. ஒருவர் இரு கருவிகளை வாசித்திருக்கும்போது, புகழ்பெற்ற கருவியை மட்டும் கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட்டால், அவர் விட்டுவைத்த இடங்கள் எவை என்பதை அறியும் வழியும் அடைபட்டுவிடும்.